வடசுவருக்கு ஆனி, தென்சுவருக்கு மார்கழி

சோழர் கோயில்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்றுதான். எந்த மாதம் போகிறீர்கள், எந்தச் சுவரை எடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். காவிரிக்கரைக் கோயில்களைப் பல வருடங்களாகச் சுற்றி வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கருங்கல்லில் இருக்கும் சிற்பத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவது பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயில். அந்த வெயில் எந்தச் சுவரில் எப்போது விழும் என்பதைக் கோயிலின் அமைப்பை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கு தெரிந்தால் கைபேசியிலேயே நல்ல படம் எடுக்கலாம். தெரியாவிட்டால் விலையுயர்ந்த லென்ஸிலும் சிற்பம் தட்டையாகத்தான் வரும்.

கிழக்கு பார்த்த சிவன் கோயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறையின் வெளிச்சுவரில், தெற்குக் கோஷ்டத்தில், அதாவது சுவரில் அமைத்த மாடத்தில், தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மா. கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்தமண்டபத்தின் சுவரில் தெற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. ஊருக்கு ஊர் சில மாற்றங்கள் உண்டு என்றாலும், தஞ்சை, திருச்சி, அரியலூர் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கோயில்களில் இந்த வரிசையைப் பார்க்கலாம். ஆக, தட்சிணாமூர்த்தியை எடுக்க வேண்டுமென்றால் தெற்கில் வெயில் வேண்டும். துர்க்கையை எடுக்க வடக்கில் வெயில் வேண்டும்.

தெற்குச் சுவருக்கு வெயில் எப்போது என்பது எல்லோருக்கும் தெரியும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் ஐப்பசி முதல் மாசி வரை. அதிலும் மார்கழி, தை மாதங்களின் காலை வெயிலுக்கு ஈடு கிடையாது. தஞ்சைப் பக்கம் மார்கழியில் உச்சிப் பொழுதில்கூட சூரியன் சுமார் 56 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். காலை எட்டு, எட்டரைக்கு அது இன்னும் தாழ்ந்து, தென்கிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு வரும். கோஷ்டத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கபோதம் என்ற கல் இறவாரத்தின் நிழல் அந்த நேரத்தில் சாமியின் முகத்தில் விழாது. பத்தரை மணிக்கு மேல் போனால் வெயில் உயர்ந்து, மாடத்தின் மேல்விளிம்பு நிழல் நெற்றியிலிருந்து கீழே இறங்கத் தொடங்கும்.

வடசுவரைப் பற்றித்தான் பலருக்குத் தெரிவதில்லை. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல், அங்கே படமே எடுக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அது டெல்லிக்கும் ஐரோப்பாவுக்கும் ஓரளவு பொருந்தும். நாம் இருப்பதோ சுமார் 11 டிகிரி வட அட்சத்தில். சித்திரை முதல் வாரம் கழிந்ததும் உச்சிச் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆவணி முதல் வாரம் முடியும்வரை அங்கேதான் இருக்கிறது. ஆனி மாதத்தில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. அதாவது அந்த மாதம் முழுக்க, வானம் தெளிந்திருந்தால், வடசுவரில் காலையிலிருந்து மாலை வரை வெயில்தான். காலை ஏழரை, எட்டு மணிக்கு அது சுவரோடு ஒட்டியது போல் வரும். மயிரிழை போன்ற உளிக்கோடும் அப்போது தெரியும்.

இந்தக் கணக்கு எனக்கு முழுதாகப் புரிந்த இடம் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய அந்தக் கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவபெருமான் உமையோடு அமர்ந்து, காலடியில் கைகூப்பி இருக்கும் அடியாரான சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறார். படங்களில் பல முறை பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை நிழலில் எடுக்கப்பட்டவை. இறைவனின் விரல்கள் மாலையைப் பிடித்திருக்கும் விதமும், சண்டேசரின் குனிந்த முகத்தில் இருக்கும் நிறைவும் வெளிச்சம் சரியாக அமைந்தால்தான் முழுமையாகத் தெரியும். அதனால் அந்தக் கோயிலுக்கு நான் போவது ஆனியிலும் ஆடியிலும். சுற்றுலா வருகிறவர்கள் குளிர்ச்சிக்காக மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குக் கருவறை மேல் எழும் விமானத்தின் தென்பக்கம் அற்புதமாகக் கிடைக்கும், வடபக்கம் கிடைக்காது.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கதைதான். 1010-ல் நிறைவடைந்த அந்த விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி எழுத்துகள். ராஜராஜன் தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டு வடசுவரில்தான் தொடங்குகிறது. ‘நாங் குடுத்தனவும்’ என்று அரசன் தன் வாயால் சொன்ன சொல்லை அப்படியே வெட்டியிருக்கிறார்கள். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் கல்லின் சொரசொரப்பும் எழுத்தும் ஒன்றாகக் கலந்து கண் கூசும். ஆனி மாதக் காலையில் போய் நில்லுங்கள். எழுத்தின் ஒரு கரை வெளிச்சமாகவும் மறுகரை நிழலாகவும் பிரிந்து, பழந்தமிழ் எழுத்து பழகியவர்கள் வரிவரியாக வாசிக்கலாம்.

கல்வெட்டைப் படமெடுக்க இன்னும் சில விஷயங்கள். கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே, எழுத்து இருக்கும் உயரத்திலேயே பிடியுங்கள். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் எழுத்துகள் சரிந்துபோகும், பிறகு வாசிக்கும்போது ‘ப’வா ‘வ’வா என்று குழம்பும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றின்மேல் ஒன்று வரட்டும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதையும் செய்யாதீர்கள். கல்லுக்குக் கேடு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் சட்டப்படியும் குற்றம். வெயில் கிடைக்காத சுவரில், காவலரிடம் கேட்டுக்கொண்டு, ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டியதுபோல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டுத் துறையினர் எழுத்தைக் காகிதத்தில் மையால் ஒற்றி மைப்படி எடுப்பதற்கு முறையான பயிற்சியும் அனுமதியும் உண்டு. அது நம் வேலையில்லை.

பெரிய கோயிலைப் பற்றி இன்னொன்று. மாலையில் ராஜராஜன் திருவாசலைக் கடந்து உள்ளே வந்து, நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்று விமானத்தை எடுக்கிறார்கள். கோயில் கிழக்கு பார்த்தது, மாலைச் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும். கறுத்த உருவம்தான் வரும். முன்பக்கத்துக்குக் காலை, பின்பக்கத்துக்கு மாலை. மேற்குப் பிரகாரத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் நின்று பார்த்தால் கல் முழுக்கப் பொன்னிறமாக மாறும். அந்த நிறத்தை எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் காலை ஏழரை மணிக்கு அதே மேற்குப் பிரகாரத்துக்கு வர வேண்டும். நிழல் அங்கே நீளமாகக் கிடக்கும். வெறுங்காலோடு படமெடுக்கிற எனக்குக் கோடையில் அந்த நிழல் பெரிய உதவி. பதினோரு மணிக்கு மேல் பிரகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. கெட்டியான பருத்திக் காலுறை இரண்டு ஜோடி பையில் வைத்திருங்கள், சில கோயில்களில் அதையும் கழற்றச் சொல்வார்கள், சொன்னால் கழற்றிவிடுங்கள்.

விமானத்தின் மேல் தளங்களில் இருக்கும் சிற்பங்களுக்கு 70-200 போன்ற நீள லென்ஸ் வேண்டும், அதோடு தூரமாகப் போய் நிற்க வேண்டும். அடியில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். திருச்சுற்று மாளிகை வரை பின்வாங்கிப் போனால் கோடுகள் நேராகும். லென்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். 50 எம்எம் ஒன்று, நீள லென்ஸ் ஒன்று போதும்.

சின்னச் சிற்பங்களுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், பசுபதிகோயில் பக்கத்தில் புள்ளமங்கை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அதன் அடித்தளத்தில் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவில் ராமாயணக் காட்சிகளும் சிவபுராணக் காட்சிகளும் வரிசையாக ஓடுகின்றன. அவ்வளவு சின்ன இடத்தில் சண்டையும் ஓட்டமும் அழுகையும் இருக்கிறது. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலில், கருவறைச் சுவரின் கீழே, அறுபத்துமூவர் வரலாறு இதேபோல் ஓடுகிறது. சிலவற்றின் மேல் பெயரும் வெட்டியிருக்கிறது. கண்ணப்பரைத் தேடிப் பிடிப்பதற்குக் குனிய வேண்டும், பிறகு உட்கார வேண்டும், கடைசியில் முழங்கை ஊன்றிப் படுக்காத குறை. தேரிழுக்கும் குதிரையையும் சக்கரத்தையும் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இந்த நாயன்மார்கள் கண்ணிலேயே படுவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இப்படிப்பட்ட சிற்பங்களுக்கு என் பையில் இருக்கும் முக்கியமான கருவி ஒரு வெள்ளை வேட்டி. நாலு முழம், கரை இல்லாதது. வெயில் ஒரு பக்கத்தில் அடிக்க, மறுபக்கத்து நிழல் மையாகக் கறுத்துவிடும். கூட வந்தவர் வேட்டியை மடித்து நிழல் பக்கத்தில் விரித்துப் பிடித்தால், வெளிச்சம் திரும்பி வந்து சிற்பத்தின் கன்னத்திலும் கழுத்திலும் மெதுவாகப் படியும். கடையில் விற்கும் வெள்ளி நிறத் தட்டி வெளிச்சத்தைக் கடுமையாக அடிக்கும், கண்காணிப்பில் இருப்பவர்களுக்கும் அது ஏதோ சினிமா ஷூட்டிங் சாமான்போல் தெரியும். வேட்டியைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. உட்காருவதற்கும் ஆகும்.

வழிபாட்டில் இருக்கும் கோஷ்ட மூர்த்திகளுக்கு வேறு கணக்கு. துர்க்கைக்குச் செவ்வாய்க்கிழமை மாலை 3 முதல் 4.30 வரையும், வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரையும் ராகு காலம். எலுமிச்சை விளக்கேற்றப் பெண்கள் வந்தபடி இருப்பார்கள். அது அவர்களுடைய நேரம், கேமராவோடு நடுவில் நுழையாதீர்கள். தட்சிணாமூர்த்திக்கு வியாழக்கிழமை, மஞ்சள் வஸ்திரமும் கொண்டைக்கடலை மாலையும் சாத்தியிருப்பார்கள். பிரதோஷத்தன்று மாலை நந்தி பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது. இந்த நாட்களைத் தவிர்த்துவிட்டாலும் சாமி புடவையிலோ வேட்டியிலோதான் இருப்பார். காவிரித் தென்கரையில் ஒரு சிற்றூர்க் கோயிலில், துர்க்கையின் எட்டுக் கைகளையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் குருக்களிடம் சொன்னேன்.

“புடவையை விலக்குங்கோன்னு மட்டும் கேட்காதீங்கோ சார். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அபிஷேகம். பழைய வஸ்திரத்தைக் களைஞ்சு ஜலம் விட்டதும் திரை போடுறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு தரிசனம் பண்ணிக்கோங்கோ. படம் எடுக்கணும்னா ஊர் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வாங்கோ” என்றார்.

கேட்டேன். பெரியவர் டீக்கடையில் இருந்தார். யார், எந்த ஊர், படத்தை என்ன செய்வீர்கள் என்று மூன்று கேள்வி. கோஷ்டத்தில் இருக்கும் அம்மனைத் தூரத்தில் நின்று எடுக்கலாம், உள்ளே மூலவர் பக்கம் கேமரா திரும்பக் கூடாது, எடுத்ததில் ஒரு படம் சட்டம் போட்டுக் கோயிலுக்குத் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை, தண்ணீர் வழிந்துகொண்டிருந்த கல்லில் அம்மனின் இடுப்பு வளைவும், வலது கையில் ஓங்கிய வாளும், காலடியில் எருமைத் தலையின் மூடிய கண்ணும் தெரிந்தன. எண்ணெயும் தண்ணீரும் ஊறிய கருங்கல் கண்ணாடிபோல் மின்னும், போலரைசர் ஃபில்டரைத் திருப்பி அந்த மினுமினுப்பைப் பாதியாகக் குறைத்தேன். முழுக்கக் குறைத்தால் கல் உயிரில்லாமல் போய்விடும். சட்டம் போட்ட படம் இப்போது அந்தக் கோயில் அலுவல் அறையில் மாட்டியிருக்கிறது.

அனுமதி விஷயத்தில் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் கையில் பிடித்து எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை, ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ட்ரோன் நினைப்பே வேண்டாம். அறநிலையத் துறைக் கோயில்களில் கேமராவுக்குச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், கருவறைப் பக்கம் எங்கும் கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. பெரிய கோயில்கள் பலவற்றில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். போகும் முன் கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் சூரிய ஒளி மூலவர் மேல் விழுவதைப் பார்க்கப் போனால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள். அதே கோயிலின் வெளிச்சுவர் மாடங்களில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் ஆரம்பகாலச் சோழர் சிற்பங்கள் இருக்கின்றன. சோழநாட்டில் எனக்கு மிகப் பிடித்த முகங்கள் அவை.

வழிபாடு இல்லாத கோயில்களில் நிதானமாக வேலை செய்யலாம். திருச்சி மாவட்டத்தில் முசிறி பக்கம், காவிரியின் வடகரையில் இருக்கிறது சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில். எண்ணெய் இல்லை, துணி இல்லை, மின்விளக்கு இல்லை. தெற்குக் கோஷ்டத்தில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியைத் தை மாதக் காலையில் பார்த்தவர்களுக்கு, தென்சுவருக்கு மார்கழி, தை என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பது விளங்கும். சிற்பி அந்த வெளிச்சத்தை மனதில் வைத்துத்தான் வெட்டினானா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு வெட்டுகூட வீணாகவில்லை.

மேகமூட்டமான நாளில் என்ன செய்வது என்று கேட்பார்கள். சுதைச் சிற்பங்களுக்கும், வண்ணம் எஞ்சியிருக்கும் சுவர்களுக்கும், எண்ணெய் ஊறிய மூர்த்திகளுக்கும் அதுதான் நல்ல வெளிச்சம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிரகாரத்தைச் சுற்றியிருக்கும் சிறு சன்னதிகளில் பூச்சும் ஓவியமும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நேரடி வெயில் வேண்டாம், ஃபிளாஷ் அறவே வேண்டாம்.

அழகான படம் ஒன்று கிடைத்ததும் அடுத்த சிற்பத்துக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு கோஷ்டத்தையும் நேர் எதிரே நின்று, மாடம் முழுவதும் தெரிகிற மாதிரி, அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு படம் எடுத்து வையுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயில் கோஷ்டத்திலிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடப்பட்டு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்துச் சேர்த்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்ததால்தான், இவை எங்கள் சாமிகள் என்று காட்ட முடிந்தது. 2014-ல் இரண்டும் இந்தியாவுக்குத் திரும்பின. அந்தப் படங்களை எடுத்தவர்கள் நேராக நின்று, முழுதாக, தெளிவாக எடுத்தார்கள். அதனால்தான் அவற்றைச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

திருட்டு மட்டுமில்லை. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டியதையும், பூதகணங்களைச் செதுக்கிய பூதவரிக்கு எனாமல் பெயின்ட் அடித்ததையும் பார்த்திருக்கிறேன். சில ஊர்களில் பழைய சுவரை முன்பு எடுத்த படம்தான் மீதி. அதனால் குடமுழுக்கு அறிவித்த கோயில் எதுவானாலும் திருப்பணி தொடங்குவதற்காகச் செய்யும் பாலாலயச் சடங்குக்கு முன்பே ஒரு நடை போய்விடுங்கள். வடகிழக்கு மூலையில் தொடங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை பிரதட்சிணமாக ஒரு சுற்று, அடித்தளம் முதல் தளவரிசை வரை. திசை மாறும்போதெல்லாம் கைபேசியின் திசைகாட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு எந்தச் சுவர் என்ற குழப்பம் வராது.

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிடுகிறேன்: ஊர், கோயில், சுவரின் திசை, கோஷ்டம், தேதி, மணி. கேமரா பதிந்த அசல் ‘ரா’ (raw) கோப்பு அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு பிரதி வேறொரு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில். வண்ணம் திருத்தியது தனியாக. கோயில் அலுவலகம் கேட்டாலும், கல்வெட்டு படிக்கிற மாணவர் கேட்டாலும் திருத்தாததைத்தான் கொடுக்கிறேன். தேதியும் மணியும் இருப்பதால், அடுத்த வருடம் அதே சுவருக்கு எந்த வாரம் போக வேண்டும் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.